வெட்டுமிடம்

பெருமங்கலத்தை ஒட்டிக் கொன்றையாறு ஒரு வளைவு எடுத்துக் கிழக்கே போகிறது. வடகரையில் ஊர். கடைத்தெரு, அரசு மருத்துவமனை, இரண்டு மேல்நிலைப் பள்ளிகள், பேருந்து நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். தென்கரையில் வயல்கள். அவற்றுக்கு நடுவே, ஆறு எந்தக் காலத்திலோ ஓடிவிட்டு விலகிய பள்ளத்தில், நாணல்படுகை என்று ஒரு தெரு. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அங்கிருந்தவர்கள் எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது பாதிப்பேர் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்கிறார்கள். சில வீடுகளில் சிங்கப்பூர் சம்பாத்தியம் உண்டு. ஒரு வீட்டுப் பெண் நர்ஸ், ஒரு வீட்டுப் பையன் வக்கீலுக்குப் படிக்கிறான். இடம் மட்டும் அதே பள்ளம்தான்.

நீர்வளத்துறையில் அந்தப் பகுதிக்கு உதவிப் பொறியாளராகச் செம்மொழி வந்த வருடம் கார்த்திகையில் மழை விடவேயில்லை. மேலேயும் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓட, வளைவில் வடகரை கசிய ஆரம்பித்தது. லஸ்கர்கள் என்று சொல்லப்படும் கரைக்காவலர்களும் ஊர் ஆட்களுமாகச் சவுக்குக் கம்பு அடித்து மணல் மூட்டை அடுக்கினார்கள். ஓரிடத்தில் அடைத்தால் பத்தடி தள்ளிக் கசிந்தது. செம்மொழி மாற்று உடைகூட இல்லாமல் கரையிலேயே கிடந்தாள். கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகிவிட்டது.

ஒரு காலையில் செயற்பொறியாளர் ராஜராஜன் வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், யாரையும் அதட்டிப் பேசி அவள் பார்த்ததில்லை. ஜீப்பிலிருந்து இறங்காமல் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். வடகரை இன்றைய பொழுதைத் தாங்காது என்றார். தானாக உடைந்தால் கடைத்தெருவுக்குள் ஆறு புகும், மருத்துவமனையின் கீழ்த்தளம் மூழ்கும். அதற்கு முன்னால் தென்கரையை நாணல்படுகைக்கு நேராக வெட்டிவிட்டால் தண்ணீர் வயலில் பரவி வடிகால் வழியாகக் கடலுக்குப் போய்விடும். மேலே பேசி முடிவாகிவிட்டது. இந்தப் பக்கம் பதினைந்தாயிரம் பேர், அந்தப் பக்கம் நூறு வீடுகூடத் தேறாது.

தெருவைக் காலி செய்ய வேண்டியது செம்மொழியின் பொறுப்பு. எதற்கென்று சொல்ல வேண்டாம் என்றார் ராஜராஜன். சொன்னால் கரையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் போலீஸ் வரும், தள்ளுமுள்ளு நடக்கும், அதற்குள் இங்கே உடைந்துவிடும். 

"கரை கசியுது, எந்நேரமும் உடையலாம்னு சொல்லிடுங்க. ஒரு உயிர் போகாம முடிக்கணும் செம்மொழி. வேற எதையும் இப்ப யோசிக்காதீங்க."

அவளால் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கிற தெம்பும் இல்லை. சரி சார் என்றாள்.

நாணல்படுகையில் முதலில் யாரும் நகரவில்லை. வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறீர்கள் என்றார்கள். ஆடு மாட்டை விட்டுவிட்டு எங்கே போவது என்று தங்கையன் என்பவர் கேட்டார். குத்தகை நிலத்தில் அவருடைய சம்பா கதிர் பிடித்து நின்றது. அவர் மனைவி அம்சம் சற்று நேரம் செம்மொழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மொழியைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம்.

"நீங்க எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டாள்.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் என்றாள் செம்மொழி. ஊர்ப் பெயரைச் சொன்னாள், அதன்பின் தெருப் பெயரையும் சொன்னாள். தெருப் பெயரைச் சொன்னால் யார் என்ன என்பது விளங்கிவிடும். அதற்காகவே சொன்னாள். அம்சம் தலையை ஆட்டிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பி, நம்ம பொண்ணு சொல்லுது, கிளம்புங்க என்றாள். அவள் கிளம்பவும் தெரு கிளம்பியது. தலையில் டிவியும் இடுப்பில் பிள்ளையுமாக எல்லாரும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஆள் போனதும் மூங்கில் தோப்புக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்த பொக்லைன் வந்தது. செம்மொழி கையைக் காட்டினாள். கரையை வெட்ட அதிக நேரம் ஆகவில்லை. தண்ணீர் முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இறங்கியது. பிறகு கரையின் இரண்டு ஓரங்களையும் தானே தின்றுகொண்டு அகன்றது.

ஊர் பிழைத்தது. உயிர்ச்சேதம் இல்லை. ராஜராஜன் கைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னார். அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் மறுநாள் பகல் முழுவதும் எழவில்லை. நாணல்படுகையில் மண்சுவர் வீடுகள் கரைந்து கூரை மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது. காரை வீடுகளில் முட்டளவு சேறு. பயிர் அழுகி, தை மாதம் முழுவதும் அந்த வழியில் பேருந்தில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நிவாரணம் வந்தது. எப்போதும் வருகிற மாதிரி வந்தது.

பெருமங்கலம் வர்த்தகர்கள் சேர்ந்து செம்மொழிக்குச் சால்வை போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், விடவில்லை. கடைத்தெரு முனையில் அவள் படத்தோடு பேனர் வைத்தார்கள். 'தக்க தருணத்தில் தென்கரையை வெட்டி ஊரைக் காத்த பொறியாளர்' என்று அதில் எழுதியிருந்தது. பாத்திரம் வாங்க வந்த அம்சம் அதன் கீழே நின்று படித்தாள்.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்துச் செம்மொழி எழுந்து நின்றாள். அம்சம் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பேனரில் இருப்பது உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றாள் செம்மொழி. ஊரில் எத்தனை பேர், மருத்துவமனையில் எத்தனை நோயாளிகள், தானாக உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினாள். அம்சம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதெல்லாம் புரியுது. எங்ககிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களாக்கா?"

"தெரியலை. ஒத்துக்கிட்டும் இருப்போம், இல்லைன்னும் சொல்லியிருப்போம். அது நாங்க பேசவேண்டிய பேச்சு. எங்களை அந்தாண்ட அனுப்பிட்டு அதை நீங்க பேசி முடிச்சிட்டீங்க." பிறகு எழுந்துகொண்டே, "வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா நான் கிளம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

பாத்திரப் பையை எடுத்துக்கொண்டு போனாள். 

அந்த வைகாசியில் துறைப் பொறியாளர்களுக்குத் தஞ்சாவூரில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்றுநர் சுறுசுறுப்பான மனிதர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் தூங்கி வழிவதைப் பார்த்து ஒரு புதிர் போடுகிறேன் என்றார். பிரேக் போன ரயில்பெட்டி ஒன்று வருகிறது. தண்டவாளத்தில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நீங்கள் நெம்புகோலை இழுத்தால் பெட்டி பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போகும், அங்கே ஒருவன் மட்டும் நிற்கிறான். இழுப்பீர்களா? அநேகமாக எல்லாரும் கை தூக்கினார்கள். இப்போது நெம்புகோல் இல்லை, பாலத்தின்மேல் உங்கள் பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் நிற்கிறார், அவரைக் கீழே தள்ளினால் பெட்டி நின்றுவிடும், தள்ளுவீர்களா? ஒரு கையும் எழவில்லை. பயிற்றுநர் சிரித்தார். இரண்டிலும் ஒன்றுக்கு ஐந்துதான் கணக்கு, இரண்டாவதில் உங்கள் கை கூசுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம், நிர்வாகத்தில் இருப்பவர்கள் அந்தக் கூச்சத்தைத் தாண்ட வேண்டும் என்றார்.

செம்மொழி முதல் கேள்விக்கும் கை தூக்கவில்லை. அதைக் கவனித்த பயிற்றுநர் ஏன் என்று கேட்டார். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்பவனுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டாள். புதிரில் அது இல்லை என்றார் அவர். ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்டவாளத்தில் அதே ஆள் நிற்கிறானே, அவனை அங்கே நிற்க வைத்தது யார் என்று கேட்டாள். அதுவும் புதிரில் இல்லை என்று அவர் சொல்ல, அரங்கில் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். வாதாட விருப்பமில்லை.

தேநீர் இடைவேளையில் ராஜராஜன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நாணல்படுகையைத் தானும் மறக்கவில்லை என்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதேபோல் முடிவெடுக்கத் தயங்கிய அதிகாரி ஒருவரின் கீழ் இருந்திருக்கிறார். அந்த உடைப்பில் செத்தவர்களின் பிணங்களை ராஜராஜன்தான் நின்று எடுக்க வைத்தார். 

"ஒருத்தன் மனசு நோகக்கூடாதுன்னு பார்க்கலாம்மா. நல்லதுதான். அதுக்குள்ள வேற ஒருத்தன் போயிட்டா அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

செம்மொழி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அரங்குக்குத் திரும்பினாள்.

அடுத்த மழைக்காலமும் அப்படியே வந்தது. இந்த முறை ஐப்பசிக் கடைசியிலேயே ஆறு நிறைந்துவிட்டது. வளைவில் கல் பாவிக் கட்டக் கேட்டிருந்த திட்டம் மேலே போய்த் திரும்பி வரவில்லை. பழைய இடத்திலேயே வடகரை கசிந்தது. காலையில் ராஜராஜன் கைபேசியில் கூப்பிட்டார். தான் மேல்மடையில் மாட்டிக்கொண்டதாகவும், பொக்லைன் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். எங்கே என்று அவள் கேட்டாள். வெட்டுமிடத்தில்தான் என்றார். போன வருடம் வெட்டி மூடிய இடத்துக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. மண் இன்னும் இறுகவில்லை, சுலபம், அந்த ஜனங்களுக்கும் பழக்கம் என்றார். கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவருக்கே என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டார்.

வடகரையில் மேலே, ஊரில் செல்வாக்குள்ள துரைராசுவின் தென்னந்தோப்பு இருக்கிற இடத்தில் வெட்டினால் என்ன என்று செம்மொழி கேட்டாள். அங்கே வீடுகளே இல்லை. அதை யோசிக்காமல் இல்லை, அங்கே மட்டம் உயரம், பாதித் தண்ணீர்கூட இறங்காது என்றார். அது உண்மைதான், அவளுக்கும் தெரியும். பாதி இறங்கினாலும் பாரம் குறையுமே என்றாள். விஷப்பரீட்சை வேண்டாம் என்றார். அதில் எவ்வளவு மட்டக் கணக்கு, எவ்வளவு துரைராசு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவள் நாணல்படுகைக்குப் போனாள். பொக்லைன் ஓட்டுநரிடம் தான் சொல்லாமல் கைவைக்கக் கூடாது என்றாள். மாரியம்மன் கோயில் முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டாள். தங்கையனும் அம்சமும் முன்னால் வந்து நின்றார்கள்.

"கரையை வெட்டச் சொல்லியிருக்காங்க. போன வருஷம் வெட்டின அதே இடத்துல. ஊர்ப் பக்கம் உடையாம இருக்கிறதுக்காக. போன தடவை உங்ககிட்ட பொய் சொன்னேன். இந்தத் தடவை கேக்க வந்திருக்கேன்."

தகரத்தில் மழை இரைய எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். தாங்கினாலும் தாங்கும், சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் உடைந்தாலும் உடையும், உடைகிற வாய்ப்புத்தான் அதிகம் என்றாள் செம்மொழி. இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவீர்களா என்று தங்கையன் கேட்டார். நான் வெட்ட மாட்டேன், வேறு ஆளை அனுப்பினால் தடுக்க என்னால் முடியாது என்றாள். 

தங்கையன் ஒரேயடியாகக் கூடாது என்றார். போன வருடம் விழுந்த வீட்டை இப்போதுதான் பூசி முடித்திருக்கிறது. ஒரு வருடம் நாம், அடுத்த வருடம் அவர்கள் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும், எல்லா வருடமும் நாம்தானா என்று கேட்டார். ஆமாம் ஆமாம் என்றார்கள். தோப்புப் பக்கம் வெட்டக் கூடாதா என்ற கேள்வியும் வந்தது. கேட்டதையும் கிடைத்த பதிலையும் செம்மொழி மறைக்காமல் சொன்னாள். அதைக் கேட்டுச் சிலர் காறித் துப்பினார்கள். நர்ஸ் வீட்டுக்காரம்மா மட்டும் மெதுவாக, பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தன என்றாள். அவளோடு இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. செம்மொழியின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஆரம்பித்தாகிவிட்டதா என்று ராஜராஜன் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் சார் என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், அவள் அவரிடம் அதுவரை கேட்டிராத குரலில், "என்னம்மா பண்ணிட்டிருக்கீங்க" என்றார்.

உச்சிப்பொழுது தாண்டித்தான் ஒரு முடிவு வந்தது. அம்சம்தான் சொன்னாள்.

"வெட்டுங்க. ஆனா சாமான் பூரா மேட்டுக்கு ஏத்தணும். மாடு, நெல்லு, விதைநெல்லுக் கோட்டை, புள்ளைங்க புஸ்தகம், எல்லாம். போன தடவை மாதிரி கட்டின துணியோட போகமாட்டோம். அதுவரைக்கும் மிஷின் நிக்கட்டும். வெட்டுற இடத்தையும் கீழாண்ட தள்ளி வெட்டுங்க, வீட்டு வரிசையில நேரா அடிக்காம."

தங்கையன் எழுந்து வெளியே போய்விட்டார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் நெல்மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான்.

சாமான் ஏற்றுவது நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. பாதை வழுக்கியது. ஒரு கன்றுக்குட்டி வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. செம்மொழியும் லஸ்கர்களும் பீரோக்களைத் தூக்கினார்கள். ராஜராஜன் மறுபடி கூப்பிட்டு, ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள் அல்லவா, பொருள் கிடக்கட்டும், வெட்டுங்கள் என்றார். அவள் கையைக் காட்டியிருந்தால் ஓட்டுநர் வெட்டியிருப்பான். எதிரே மழையில் தெருக்காரர்கள் வரிசையாகச் சட்டி பானைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். வாக்குக் கொடுத்தாயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் சார் என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் வடகரை உடைப்பெடுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு கூச்சல். அவள் கண் முன்னால் ஆற்றின் மட்டம் விறுவிறுவென்று இறங்கியது. தலையில் சுமையோடு போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்சம் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. யாருக்கும் அதில் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை.

பிரசவ வார்டில் இருந்தவர்களை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கடைகள் போயின. ஓர் உயிர் போனது. கடைத்தெருவுக்குப் பின்னால் பள்ளமான சந்தில் குடியிருந்த தையல்காரர் முபாரக்கின் தகப்பனார். பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தவர். முபாரக் கடையில் துணிகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

செம்மொழி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாள். பழைய பேனர் வைத்த அதே முனையில் அவளைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் நடந்தது. அவள் கணவன் செழியன் பள்ளிக்கூட ஆசிரியர். சில நாட்கள் வெளியே போக வேண்டாம் என்றான். அவள் தலையாட்டினாள். முபாரக் வீட்டில் இறந்தவருக்காக மூன்றாம் நாள் ஓதி முடித்ததும் அங்கே கிளம்பிவிட்டாள்.

சந்தில் இன்னும் சேறு வழித்துக்கொண்டிருந்தார்கள். அவளை அடையாளம் தெரிந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முபாரக் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவிப் போட்டு உட்காரச் சொன்னான். உள்ளே சுவரில் தண்ணீர் நின்ற கோடு கட்டிலின் உயரத்தை மீறி இருந்தது. செம்மொழி உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் கொடுக்க வேண்டிவரும் என்று பட்டது.

அவன் கேட்டுவிட்டு, "அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்றான்.

"ஒத்துக்கிட்டாங்க பாய்."

"நல்ல ஜனங்கதான். அந்தத் தெருவுக்கு நான் யூனிஃபார்ம் தைச்சுக் குடுக்கிறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காலையிலேர்ந்து ஆட்டோல மைக் கட்டிட்டு வந்து, பயப்படாதீங்க, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லிட்டே இருந்தாங்க மேடம். அதை நம்பித்தான் நான் கடைக்குப் போனேன். அந்தக் கரையில கேட்டுக்கிட்டிருக்காங்க, இந்தக் கரை உடைஞ்சாலும் உடையும்னு ஒருத்தர் சொல்லியிருந்தா அத்தாவை மச்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன். ரெண்டு ஆளு போதும். அவங்களைக் கேட்டீங்க. எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை."

வடகரையைப் பற்றி அந்த நாள் முழுவதும் செம்மொழி நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். பதினைந்தாயிரம் பேர் என்று நினைத்தாள். மருத்துவமனை என்று நினைத்தாள். அங்கேயும் ஒரு சந்துக்குள் போய் ஒரு கதவைத் தட்டி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. காப்பாற்றப்பட வேண்டியவர்களிடம் எதையும் சொல்லத் தேவையில்லை என்று எப்படியோ நினைத்துவிட்டிருந்தாள். ஆட்டோவில் மைக் கட்டச் சொன்னது அவளில்லை. ஆனால் காலையில் கரையில் நின்றபோது அந்தக் குரல் அவள் காதிலும் விழுந்தது. அது தப்பு என்று அப்போது படவில்லை.

முபாரக்கின் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் போவது மரியாதை இல்லை என்று குடித்தாள்.

விசாரணை பங்குனி வரை இழுத்தது. ராஜராஜன் தன் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். உத்தரவை மீறினாள் என்றும் எழுதினார், தோப்புப் பக்கம் வெட்டலாம் என்று அவள் கேட்டதையும் எழுதினார். இரண்டாவதை எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு நல்லது. மறுபடி இதே நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரணை அதிகாரி செம்மொழியிடம் கேட்டார். நாணல்படுகையில் பொய் சொல்ல மாட்டேன் என்றாள். அப்படியானால் இன்னொரு கிழவர் செத்தாலும் பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை என்றாள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். இரண்டு கரைக்கும் விடிகாலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், மழைக்கு முன்னாலேயே பேசியிருக்க வேண்டும் என்றாள். அது கேள்விக்குப் பதில் இல்லை என்றார் அவர். அவர் சொன்னதும் சரிதான் என்று பட்டது.

ஊதிய உயர்வை நிறுத்தி, நாகப்பட்டினம் பக்கத்துக்கு மாற்றினார்கள். கடலை ஒட்டிய வடிகால் பகுதி. அங்கேயும் ஒரு ஆறு, இரண்டு கரை. ஒரு கரையில் மீனவர் குடியிருப்பு, மறு கரையில் நெல்லும் இறால் குட்டையும். வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தில் யார் பக்கம் திறப்பது என்பதில் அவர்களுக்குள் பழைய பகை இருந்தது.

சித்திரை வெயிலில் அவள் இரண்டு கரைக்காரர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தாள். துறையில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கூடத்தில் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். ஆறு வறண்டு கிடக்கும்போது வெள்ளத்தைப் பற்றி என்ன பேச்சு என்றார்கள். வந்தவர்களும் முதலில் ரேஷன் கடையைப் பற்றியும் சாலையைப் பற்றியும் முறையிட்டார்கள். அதெல்லாம் தன் துறை இல்லை என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வழியாக முகத்துவாரத்துக்கு வந்தார்கள். வந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது. சுனாமி வருடத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள், செய்யவில்லை என்பதுவரை போனது. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்து, வெளியே வெயில் தாங்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முடிவு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று தெரிந்துதான் இருந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு கவளம் போட்டதும் தூக்கம் கண்ணைச் செருகியது. எதிரே இரண்டு கரையும் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தன. ஒரு பெண் அவளைப் பார்த்து, அடுத்த கூட்டம் எப்போது மேடம், அன்றைக்கு எங்கள் ஆம்பிளைகள் கடலுக்குப் போகாத நாளாக வையுங்கள் என்றாள். செம்மொழி சாதக் கையோடு சரி என்று தலையசைத்தாள்.